பாதிக் கையெழுத்து

என் தகரப் பெட்டியில், மாற்று வேட்டிக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாவுக்கட்டுத் துண்டு கிடக்கிறது. வெள்ளையாக இருந்தது இப்போது பழைய சுண்ணாம்புச் சுவரின் நிறத்துக்கு வந்துவிட்டது. தொட்டால் ஓரம் உதிர்கிறது. உட்பக்கம் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கிறது. மேல்பக்கம் ஊதா நிறத்தில் ஒரு கையெழுத்தின் முன்பாதி. பின்பாதி வேறொரு துண்டோடு குப்பைக்குப் போய்விட்டது. பல்லாரிப் பக்கம் கல் உடைக்கப் போனபோதும், ஹூப்ளியில் ஓட்டலில் மாவாட்டியபோதும், பம்பாயில் நடைபாதையில் படுத்தபோதும் இந்தத் துண்டு கூடவே வந்தது. செருப்பைத் திருடியிருக்கிறார்கள், போர்வையைத் திருடியிருக்கிறார்கள். இதை எந்தத் திருடனும் தொட்டதில்லை. ஒரு தடவை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்து, இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது?" என்றார். "என் காலு சார்" என்றேன். பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் ஊரில் சேர்ந்தாற்போல ஆறு மாதம் இருந்தால் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். எழுபதுகளின் நடுவில், திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்கு நூல் மூட்டை ஏற்றிப்போகும் லாரியில் கிளீனராக இருந்தேன். டிரைவர் நகரிப் பக்கத்துக்காரர். எனக்கு உறவு கிடையாது. ஆனாலும் அந்த ரோட்டில் எல்லோரும் அவரைத் தெலுங்கில் பாவா, அதாவது அத்தான், என்றுதான் கூப்பிடுவோம். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பள்ளிப்பட்டில் நெசவுக்காரர் தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, லாரியின் பின்பலகைச் சங்கிலி அறுந்தது. பலகை என் இடது முழங்காலுக்குக் கீழே விழுந்தது. பச்சை மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. அது என் காலுக்குள்ளிருந்து வந்த சத்தம் என்பது கீழே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் எலும்பு ஒடிந்தால் யார் வாயிலும் முதலில் வருவது புத்தூர் கட்டுதான். பாவாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து கிருத்திகைக் கூட்டம் காவடியும் கட்டுச்சோறுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. எதிர்த்துப் போக முடியாமல், கூட்டத்தோடு கூட்டமாக லாரி திருத்தணிக்கு வந்து சேர்ந்தது. மலையடிவாரத்தில், கூட்டம் நடந்து போகிற சாலையை ஒட்டி, ஒரு ஜவுளி வியாபாரி குடும்பம் கட்டிவிட்ட தர்ம ஆஸ்பத்திரி அப்போது இருந்தது. அங்கேதான் என்னை இறக்கினார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் பெரிய டாக்டர். பட்டணத்துக் கல்லூரியில் எலும்பு மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். இங்கே வந்த பிறகும் மேல்படிப்புப் படிக்கிற டாக்டர்களை ஒவ்வொருவராகச் சில மாதங்கள் அவரிடம் பழக அனுப்பிவந்தார்கள். பொல்லாதவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். என் காலைத் தொட்டு இழுத்து எலும்பைச் சேர்த்தபோது அந்தக் கை செய்த வேலை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தறியில் அறுந்த இழையைப் பார்க்காமலே முடிகிறவர்களின் கை அது. மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து காப்பியிங் பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டு, ஈரக் கட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். ஈரத்தில் அந்த ஊதா நிறம் பொங்கி எழுந்தது. அவர் நாக்கிலும் ஊதா. வார்டில் எல்லாக் கட்டுகளிலும் அந்தக் கையெழுத்து இருந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னால் ஒரு டாக்டர் பையன், நோயாளி அழுகிறான் என்று அவசரப்பட்டு ஒரு கட்டைப் பிரித்துவிட்டானாம். எலும்பு விலகி அந்த நோயாளி நிரந்தர நொண்டியாகிவிட்டான். அன்றிலிருந்து பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட கட்டின் மேல் வேறு கை படக்கூடாது. மாவுக்கட்டை வெட்டுகிற கத்தரி கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி அவர் பூணூலில் தொங்கும். ஒரு தப்பு மறுபடி நடக்கக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். எத்தனையோ ஊரில் எத்தனையோ முதலாளிகளிடம் வேலை செய்துவிட்டு இப்போது யோசிக்கும்போது தோன்றுகிறது: ஒரு தப்பைப் பூட்டி வைக்கிறபோது, அதே பூட்டுக்குள் இன்னொரு தப்பும் உட்கார்ந்திருக்கிறது.

நான் நினைவுகூர வந்தது பெரிய டாக்டரை அல்ல. அவரிடம் அப்போது பழகிக்கொண்டிருந்த சின்ன டாக்டரை. கரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் முதலில் படித்தவர். ஒல்லியாக, கழுத்து நீண்டு, எப்போதும் யாரோ பின்னாலிருந்து கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோலவே நிற்பார். பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி வருவார். பெரியவர், "இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்பார். சின்னவர் பதில் சொல்வதற்கு முன் பெரியவரின் முகத்தைப் பார்ப்பார். நோயாளியின் காலைப் பார்க்க மாட்டார். முகத்தில் என்ன பதில் எழுதியிருக்கிறதோ அதையே திருப்பிச் சொல்வார். "குட்" என்பார் பெரியவர். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். பயிற்சி முடிந்தது என்று பெரியவர் எழுதிக் கொடுத்தால்தான் சின்னவர் பரீட்சை எழுத முடியும். முன்னால் இருந்தவருக்கு அவர் எழுதித் தரவில்லை, அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று என்று வார்டு சிஸ்டர் அன்று சாயங்காலமே பாவாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிருத்திகையன்று காலை பெரிய டாக்டர் பரீட்சை நடத்துவதற்காகப் பட்டணத்துக்கு ரயிலேறினார். போகும்போது என் கட்டிலருகே ஒரு விநாடி நின்று, "வலி இருக்கத்தான் செய்யும். பொறுத்துக்க" என்றார். பொறுத்துக்கொள்வது எனக்குப் புதிதில்லை. கொதிக்கிற தார் காலில் கொட்டியும் வேலை செய்திருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

வெயில் ஏற ஏற வலி வேறு மாதிரி ஆயிற்று. ஒடிந்த இடத்து வலி எனக்குத் தெரியும். அது ஓரிடத்தில் நின்று குத்தும். இது அப்படி இல்லை. கால் முழுவதும் கட்டுக்குள் வளர்ந்துகொண்டே போவதுபோலவும், வளர இடமில்லாமல் தன்னையே கடித்துக்கொள்வதுபோலவும் இருந்தது. கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த ஐந்து விரல்களும் பளபளவென்று வீங்கின. அசைக்கப் பார்த்தேன். அசையவில்லை. நான் சொல்லி என் உடம்பு கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. பசித்திருக்கிறேன், அடிபட்டிருக்கிறேன், ஆனால் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. பயம் வயிற்றில் வரும் என்பார்கள். எனக்கு அது காதில் வந்தது. சாலையில் பம்பைச் சத்தமும் "அரோகரா" கூச்சலும் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. நான் கத்தினால் அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பாவா பொங்கல் பொட்டலத்தோடு வந்தார். "இன்னாடா, மூஞ்சி இப்டி வெளுத்துக்கினு கீது? புத்தூர்ல கட்டியிருந்தா இந்நேரம் காவடி தூக்கிக்கினு மலை ஏறியிருப்பே" என்றவர், என் விரல்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். "சிஸ்டரம்மா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்ட குரலில் கேலி இல்லை. சிஸ்டர் பார்த்தாள். சின்ன டாக்டரைக் கூட்டிவர ஓடினாள்.

சின்ன டாக்டர் வந்து என் கால் பெருவிரலின் நகத்தை அமுக்கிப் பிடித்து விட்டார். அமுக்கினால் வெள்ளையாகும். விட்டால் சிவக்க வேண்டும். அவர் விட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் விரலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பெரியவரின் முகத்தைப் பார்ப்பதுபோல நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மறுபடி அமுக்கினார். மறுபடி காத்திருந்தார். காலுக்கடியில் தலையணை வைத்தார். ஊசி போட்டார். "பெரியவருக்கு டிரங்க் கால் போட்டிருக்கேன். கிடைச்சதும் கேட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டார்.

திருவிழா நாளில் டிரங்க் கால் எப்படிக் கிடைக்கும்? கிடைத்தாலும் பரீட்சை நடக்கிற அறைக்குள் போய் யார் அவரைக் கூப்பிடுவார்கள்? இதெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வந்து நகத்தை அமுக்குவார். போய்விடுவார். ஒவ்வொரு தடவை வரும்போதும் அவர் சட்டை இன்னும் கொஞ்சம் நனைந்திருக்கும். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை. கட்டைப் பிளந்துவிட வேண்டும், அவ்வளவுதான். புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருப்பது அது என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். தெரிந்ததைச் செய்வதற்கு அவரை யாரும் பழக்கவில்லை. கேட்பதற்குத்தான் பழக்கியிருந்தார்கள். கேட்க ஆள் இல்லாதபோது அவர் படித்த படிப்பெல்லாம் பூட்டிய அலமாரிக்குள் கத்தரியோடு சேர்ந்து கிடந்தது.

மத்தியானம் சாய்ந்தபோது வலி குறைய ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "கொறஞ்சிட்ச்சு சார்" என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அவர் குண்டூசியால் என் பெருவிரலில் குத்தினார். குத்துவதைக் கண்ணால் பார்த்தேன், விரலில் தெரியவில்லை. வேறு யாருடைய விரலையோ குத்துவதுபோல இருந்தது.

"கத்தரி?" என்று சிஸ்டரிடம் கேட்டார். "அலமாரியில சார். சாவி பெரியவருகிட்ட. தெரியாத மாதிரி கேக்கறீங்களே" என்றாள் அவள். பிறகு தாழ்ந்த குரலில், "அவரு கட்டு சார் அது. நாளைக்கு வந்துடுவாரு" என்றாள். அவளுக்கும் பயம்தான். நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் என் வாயிலிருந்து தானாக வந்தது: "சார், கையெழுத்துதான் அவருது. காலு என்னுது."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சித்தான் சொன்னேன். நடந்து பிழைக்கிறவன் நான். என்னிடம் நிலம் இல்லை, தறி இல்லை, வீடு இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு கால். ஒன்று போனால் எந்த ஊர் பிள்ளையார் கோயில் வாசலில் உட்காருவது என்பதுதான் அப்போது என் யோசனை. சின்ன டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு புஷ்பக் காவடிக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு கடந்து போயிற்று. அவர் திரும்பி நடந்தார். அடுத்து நான் கேட்டது கண்ணாடி உடைகிற சத்தம்.

கத்தரியோடு வந்தபோது அவர் விரல்களில் ரத்தம் ஒழுகியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பாவாவை என் குதிகாலை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மேலிருந்து கீழாக வெட்டினார். கையெழுத்து நடுக்காலில், வெட்டுகிற பாதையிலேயே இருந்தது. அங்கே வந்ததும் கத்தரி ஒரு கணம் நின்றது. ஒதுங்கிப் போகலாமா என்று கை யோசித்ததை நான் பார்த்தேன். பிறகு அதன் நடுவிலேயே வெட்டிக்கொண்டு போனார். கட்டைப் பிளந்து, உள்ளே இருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டி விலக்கினார். திறந்துவிட்ட மதகில் தண்ணீர் பாய்வதுபோல வலி திரும்பி வந்தது. நான் அலறினேன். "அலறு, அலறு, நல்லது" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். பாவா, "இன்னா சார், ரெண்டு பேரும் அழுதா நான் யாரைப் புடிக்கிறது?" என்றார்.

காலின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து எலும்பு விலகாமல் அணை கொடுத்தார். நான்கு விரல்கள் மெல்லச் சிவந்தன. பெருவிரல் மட்டும் சாம்பல் நிறத்திலேயே வெகு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் பார்த்து போன் அடித்தது. அவர் போய் எடுத்து, "கட்டை வெட்டிட்டேன் சார்" என்று சொன்னது வார்டு வரைக்கும் கேட்டது. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போனை வைத்த பிறகும் அவர் வெகுநேரம் காதில் வைத்தபடியே நின்றார் என்று சிஸ்டர் சொன்னாள்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். உடைந்த அலமாரியை முதலில் பார்த்தார். பிறகு என் கட்டிலுக்கு வந்து, பிளந்த கட்டைப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். வார்டில் ஒருவர்கூட இருமவில்லை. "எலும்பு கோணியிருந்தா?" என்று கேட்டார். "கேக்கறேன். கோணியிருந்தா?" அப்போதுதான் சின்ன டாக்டர் முதல் தடவையாகப் பெரியவரின் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கோணினா மறுபடி வெச்சுக் கட்டலாம் சார்." அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட மிச்சம் எல்லோருக்கும் கேட்டது.

பெரியவர் பழைய கட்டை முழுக்கக் கழற்றிப் போட்டார். வீக்கம் வடிந்த பிறகு தன் கையாலேயே புதிய கட்டுப் போட்டார். முடித்ததும் பழக்கப்படி பென்சிலை எடுத்து நாக்கில் வைத்தார். என்ன நினைத்தாரோ, திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். கையெழுத்து இல்லாத கட்டு அந்த வார்டில் என்னுடையது ஒன்றுதான். ஆனால் அதற்குள் சின்ன டாக்டரைப் பட்டணத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். எழுதிக் கொடுக்கவில்லை. அவர் கிளம்பும்போது என்னிடம் வந்து ஒரு தடவை நகத்தை அமுக்கிவிட்டுப் போனார். பழைய மாவுக்கட்டில் பாதிக் கையெழுத்து இருந்த துண்டைக் குப்பை வாளியிலிருந்து பொறுக்கி என்னிடம் கொடுத்தவர் பாவாதான். "வெச்சிக்கோடா. புத்தூர்ல இதெல்லாம் குடுக்கமாட்டான்."

கால் பிழைத்தது. பெருவிரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. பாதம் சரியாகத் தூக்காது. இழுத்து இழுத்துத்தான் நடப்பேன். அந்த நடையோடுதான் மற்ற ஊர்களையெல்லாம் பார்த்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நகத்தை அமுக்கி, நிறம் வருகிறதா என்று பார்ப்பேன். வருவதற்குள் இருக்கிற அந்த ஒரு கணம், எத்தனை வருடம் ஆகியும், பயமாகத்தான் இருந்தது.

எண்பதுகளில் ஒரு வருடம், உணர்ச்சியில்லாத அந்த விரலில் செருப்பு கடித்துப் புண்ணாகி, ஆறாமல், சீழ் வைத்தபோது நான் ரேணிகுண்டா பக்கம் வேலையில் இருந்தேன். ரயிலேறித் திருத்தணிக்கு வந்து, அதே தர்ம ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெளி நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் ஒரு பெண், இருபத்தைந்து வயசு இருக்கலாம், வெள்ளைக் கோட்டு, இடது முன்கையில் புது மாவுக்கட்டு, வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தாள். கூட்டம் அவளை வேடிக்கை பார்த்தது. "இன்னாம்மா, டாக்டருக்கே கை ஒடிஞ்சிட்ச்சா? அப்போ எங்களுக்கு யாரு பாப்பாங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார். "கை ஒடியலை தாத்தா. இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டின் மேல் ஊதா நிறத்தில் ஒரு கையெழுத்து இருந்தது.

உள்ளேயிருந்து வந்தவர் சின்ன டாக்டர். கழுத்து அதே நீளம், தலை பாதி நரைத்திருந்தது. பெரியவர் காலமாகி, இப்போது அவர்தான் அங்கே தலைமை. அவர் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரமா மரத்துப்போச்சு?" என்று கேட்டார். "கொஞ்ச நேரமா சார். தாங்கிக்கிறேன்." அவர் குரல் உயர்ந்தது. "தாங்குறதுக்கு இங்க மார்க் கிடையாது. மரத்ததும் ஏன் சொல்லலை?" அவள் முழித்தாள். அவர் சுவரில் ஆணியில் தொங்கிய கத்தரியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அந்தக் கத்தரிக்கு அலமாரி இல்லை, பூட்டு இல்லை. "வெட்டு. என் கையெழுத்து மேலேயே வெட்டு. என் முன்னாடி வெட்டு" என்றார். அவள் வலது கையால் தன் கட்டைத் தானே வெட்டினாள். கையெழுத்துக்கு வந்ததும் கத்தரி ஒரு கணம் நின்றது. எனக்குத் தெரியும் அந்த நிற்றல்.

தன்னிடம் பழக வருகிற ஒவ்வொரு டாக்டருக்கும் முதல் நாளில் அவர் இதைச் செய்கிறார் என்று பிறகு தெரிந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாகப் போடுவாராம். வார்டைச் சுற்றும்போது புதிதாக வந்தவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் கடைசியில்தான் வாயைத் திறப்பார். என்னை அடையாளம் கண்டதும் அவர் என்னைக் கேட்காமல் காலைத் தூக்கி நகத்தைத்தான் அமுக்கினார். "உங்களால எனக்கு ஒரு வருஷம் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் கண் சிரிக்கவில்லை. "இல்லை, என்னால உங்களுக்கு ஒரு விரல் போச்சு. போன் பக்கத்துல உட்கார்ந்திருந்த நேரம் அது" என்றார்.

என்னை வார்டில் சேர்த்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினால் ஆறிவிடும், விரலை எடுக்க வேண்டாம் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதை அவர் தனக்கே சொல்லிக்கொண்டதுபோல எனக்குப் பட்டது. அந்த விரலை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அதிலேயே சில நாள் போயிற்று. இரவில் எனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. பாதத்தில் சிவப்பு ஏறியது. ஒரு காலை, வார்டைச் சுற்றி வந்தபோது அந்தப் பெண் டாக்டர் முறைப்படி முதலில் பேசினாள். "எலும்பு வரைக்கும் போயிருக்கு சார். புண்ணுக்குள்ள கம்பி விட்டா எலும்பு தட்டுது. விரலை எடுக்கணும். தள்ளிப் போட்டா பாதத்துக்கு ஏறிடும்."

சின்ன டாக்டரின் முகம் சிவந்தது. நான் படுத்திருந்த இடத்திலிருந்து அதைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த முகத்துக்குள்ளிருந்து பெரியவரின் முகம் மெல்ல எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. "நான் பார்த்துட்டுத்தானே சொன்னேன்?" என்றார். வார்டில் யாரும் இருமவில்லை. கூட நின்ற இன்னொரு டாக்டர் பையன் தரையைப் பார்த்தான். அந்தப் பெண் பேசாமல் இருந்துவிட்டால் என் கால் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. பேசினால் அவள் படிப்பு போய்விடுமோ என்றும் தோன்றியது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தாள். "நேத்து இவ்வளவு சிவப்பு இல்லை சார். கம்பியை நீங்களே விட்டுப் பாருங்க" என்றாள்.

அவர் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து கம்பியை எடுத்தார். எலும்பில் அது தட்டிய சத்தம் எனக்கும் கேட்டது. வலி தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. கம்பியை வைத்துவிட்டு அவர் அந்தப் பெண்ணிடம், "நீயே எடு. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார். என்னிடம், "எடுத்துடலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு அந்த ஆடிக் கிருத்திகையிலிருந்து அன்றைக்கு வரைக்கும் ஆயிற்று என்று நினைக்கிறேன்.

மத்தியானம் விரலை எடுத்தார்கள். அவள் எடுத்தாள், அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் விளக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவள் பாதத்துக்குத் துணிக்கட்டுப் போட்டுவிட்டு, "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டாள். அந்த வார்த்தையை அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. பழைய பயத்தில், டாக்டரிடம் குறை சொல்லக்கூடாது என்கிற பயத்தில், "இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற நாளில் சின்ன டாக்டரிடம் இந்தத் துண்டை எடுத்துக் காட்டினேன். வாங்கி அந்தப் பாதிக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்துப் போனேன். அவர் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு வேண்டாம். பார்த்தா இன்னும் அந்தப் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அந்தப் பெண் எந்த ஊரில் யாருக்குக் கத்தரியைக் கொடுத்து வெட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ, அதுவும் தெரியாது. இன்று பெட்டியைத் திறந்தபோது துண்டின் ஓரம் இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. ஊதா நிறம் வெளிறி, எழுத்து என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் எழுத்தாகத் தெரிகிறது. வேட்டிக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, இடது காலில் மிஞ்சியிருக்கும் நான்கு விரல்களில் ஒன்றின் நகத்தை அமுக்கினேன். வெள்ளையாயிற்று. விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.